பழைய கேப் துப்பாக்கி கைக்கு வந்தா எத முதல்ல பாக்கணும்?

கேப் (அடிச்சா தீப்பொறி விடுற சின்ன உலோக மூடி) வச்சு சுடுற பழைய ராணுவ மஸ்கட், அதாவது வாய் வழியா மருந்து கெட்டிக்கிற நீளத் துப்பாக்கி, கையில கிடைச்சா எல்லாரும் உடனே ஹேமர (கேப்ப அடிக்கிற சுத்தியல) இழுத்து ட்ரிக்கர அழுத்திப் பாப்பாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. உள்ள கருமருந்து கெட்டிச்சு கிடந்தா 150 வருஷம் கழிச்சும் வெடிக்கும்.

ஸ்டெப் 1: நிப்பிள் (பேரலோட பின்பக்கம் கேப் மாட்டுற சின்னக் குழாய்) மேல கேப் இருக்கான்னு பாருங்க. துப்பாக்கி வாய் உங்க பக்கமோ வேற யார் பக்கமோ இருக்கக் கூடாது. ஒரு மரக்குச்சிய பேரலுக்குள்ள மெதுவா முட்டுற வரைக்கும் விட்டு, வாய்கிட்ட டேப் ஒட்டி, வெளிய எடுத்து பேரல் மேலயே வச்சு அளந்து பாருங்க. குச்சி நுனி நிப்பிள் பக்கம் வரணும். ரெண்டு மூணு விரக்கட முன்னாடியே நின்னுட்டா உள்ள குண்டும் மருந்தும் இருக்கலாம், குப்பையாவும் இருக்கலாம், எதுவா இருந்தாலும் நீங்க நோண்டாதீங்க, வேல தெரிஞ்ச கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) எடுக்கட்டும்.

ஸ்டெப் 2: காலின்னு உறுதியானப்புறம் நிப்பிள சுத்தி பாருங்க. அந்தக் காலத்து கேப்ல இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிஞ்சதும் உப்பா மாறும், அது ஈரத்த இழுத்து இரும்பத் தின்னுடும். அங்க லேசா குழி விழுந்திருக்கிறது சகஜம், சொல்லப்போனா நிஜமா சுட்ட துப்பாக்கிக்கு அதுதான் அடையாளம். ஆழமா அரிச்சிருந்தா மட்டும் கவலப்படுங்க.

ஸ்டெப் 3: ஹேமர கட்டைவிரல்ல பிடிச்சுக்கிட்டே ஹாஃப் காக்ல (பாதி இழுத்த நிலையில) நிறுத்தி ட்ரிக்கர மெதுவா அழுத்துங்க. விழக் கூடாது. விழுந்தா உள்ள ஹேமர பிடிச்சு நிறுத்துற நாட்ச் (வெட்டு) தேஞ்சிருக்கு. வெறும் நிப்பிள் மேல டப்புன்னு அடிக்க விடாதீங்க, ரெண்டும் கெடும்.

ஸ்டெப் 4: நீளம். 1853 மாடல் என்ஃபீல்டுன்னா (பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி) பேரல் 39 இஞ்ச், பேரல மரத்தோட சேத்துப் பிடிக்கிற பேண்ட் (வளையம்) மூணு இருக்கும். குறைவா இருந்தா உடனே வெட்டிட்டாங்கன்னு முடிவு பண்ணாதீங்க, ரெண்டு பேண்ட், 33 இஞ்ச்னு சின்ன ரைஃபிளும் அப்பவே செஞ்சாங்க. லாக் பிளேட்ல (ஹேமர் மாட்டியிருக்கிற பக்கத்துத் தகடு) அடைச்ச ஓட்டை தெரிஞ்சா அது முன்னாடி ஃப்ளிண்ட்லாக்கா (கல்லு உரசி தீப்பொறி வர்ற பழைய வகை) இருந்து மாத்துனதா இருக்கும், அது குறை இல்ல, அந்தக் கால ராணுவங்களே அப்படி நிறைய மாத்துனாங்க.

மரக்கட்டைய கடைசியா பாக்கலாம். லாக்குக்குப் பின்னாடி விரிசல் இருக்கா, முத்திரை மங்கிப்போற அளவுக்கு யாராச்சும் உப்புத்தாள் போட்டிருக்காங்களான்னு பாருங்க. பளபளன்னு இருக்கிறத பாத்து மயங்காதீங்க, எனக்கு அந்தப் பழுப்பு நிறம் ஏறுன அழுக்கு துப்பாக்கிதான் வேணும், பாலிஷ் போட்டு அழிச்ச எழுத்து திரும்ப வராது.