கடலூர் மொட்டைமாடியில் காய்கறி: உப்பையும் காற்றையும் முதலில் பாருங்கள்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்குச் சரி. கடலூரில் முதல்முறையாக மாடியில் செடி வைக்கிறவர்களுக்கு நான் தை மாதத்தைத்தான் சொல்வேன். ஆடியில் போட்டால், கத்தரி காய்த்துக் குலுங்குகிற நேரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்து நிற்கும். தானே புயல் 2011 டிசம்பர் 30இல் நம் கரையில்தான் ஏறியது, பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி பக்கம். அதனால் மார்கழி நடுவில் குழித்தட்டில் விதை போட்டு, ஒரு மாத நாற்றைத் தையில் எடுத்து நடுங்கள், பங்குனியில் காய் பறிக்கலாம். ரகம் தேடி அலைய வேண்டாம். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் பாலூர் 1, பாலூர் 2 இரண்டும் நம் மாவட்டத்துக் கத்தரிதான். பொறுமை இல்லாதவர்கள் அரைக்கீரை தூவிவிடுங்கள், ஒரு மாதத்தில் குழம்புக்கு வந்துவிடும்.

செடிப் பைக்கு மண் கலவை பெரிய வித்தை இல்லை. செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய எரு மூன்றும் சம பங்கு, மேலே ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்க்கழிவை மட்டும் அப்படியே போடாதீர்கள், அதிலேயே உப்பு உண்டு. ஊறவைத்துப் பிழிந்தால் டீ டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் வரும், அந்த நிறம் வெளுக்கும்வரை அலசுங்கள்.

இங்கே பாதிச் செடி சாவது தண்ணீரால். தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரப் பக்கம் போர் தண்ணீர் கரிக்கிறதென்றால், இலை ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பாகும், பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுவார்கள், அதுவும் உப்புதானே, செடி இன்னும் சீக்கிரம் போய்ச்சேரும். தினமும் ஒரு சொம்பு தெளித்துவிட்டு வந்தால் உப்பு அடியில் இறங்காமல் வேரிலேயே தங்கிவிடும். வாரம் ஒருமுறையாவது குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ, அடி ஓட்டை வழியாக நன்றாக வழியும்வரை ஊற்றுங்கள். ஆர்ஓ மெஷின் கழிவு நீர் வேண்டவே வேண்டாம், அரிசி கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். பீன்ஸ் ஆசையை விட்டுவிடுங்கள், கொத்தவரை உப்பைத் தாங்கும்.

பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக, செங்கல் மேல் வையுங்கள். கைப்பிடிச்சுவர் கடல்காற்றையும் கொஞ்சம் மறைக்கும். மாவுப்பூச்சி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், போகாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்புக் கரைசல், சாயங்காலத்தில்.

கத்திரி வெயிலுக்கு நிழல்வலை கட்டும்போது ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போடுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் முதலில் இறங்க வேண்டியது அந்த வலை, அப்புறம் மாடித் தண்ணீர் போகும் ஓட்டையில் அடைத்த சருகு. பைகளை மாடிப்படிக்கு நகர்த்துங்கள். புடலைக்குப் போட்ட கம்புப் பந்தலையும் காற்று வருவதற்கு முன்னாலேயே பிரித்துப் படுக்க வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி உங்கள் கணக்கில் ஏறும்.