தாழ்வுப் பகுதி என்றதும் மழை என்று முடிவுகட்டும் முன்

'வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி' என்று டி.வி.யில் ஓடினாலே போதும், நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்ற பேச்சு தொடங்கிவிடும். அழுத்தம் குறைந்தால் மழை என்று எல்லோரும் படித்ததுதான். அது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் நாம் ஏமாறுகிறோம்.

மே, ஜூன் மாதத்து இந்திய அழுத்த வரைபடத்தைப் பாருங்கள். எண் மிகக் குறைவாக இருப்பது ராஜஸ்தான் பக்கம், எல்லை தாண்டி சிந்து மாகாணம் வரை. காற்றழுத்தத்தை அளக்கும் அலகான ஹெக்டோபாஸ்கலில் 1000க்கும் கீழே இறங்கிவிடும். மழை? தூறல் விழுந்தாலே பெரிது. வெயிலில் தரை கொதித்து, காற்று லேசாகி உண்டான தாழ்வு அது. ஓரிரு கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே வறண்ட காற்று கீழ்நோக்கி அமுக்கிக்கொண்டிருப்பதால் மேகம் வளர வழியில்லை. ஆனால் கடலிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றை உள்ளே இழுப்பதில் அந்தத் தாழ்வுக்குப் பெரிய பங்கு உண்டு. தாழ்வு ஜெய்சல்மேர் பக்கம், மழை கேரளத்தில். சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள்: கத்திரி வெயில் காயும் மே மாதத்தில் சுமார் 1005, அடைமழை நவம்பரில் 1010ஐ ஒட்டி. எண்ணை மட்டும் வைத்துக் கணித்தால் தலைகீழாகத்தான் வரும்.

இதைவிட ஆபத்தான தவறு, பெயரைப் பார்த்து மழையை அளப்பது. தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற படிகள் காற்றின் வேகத்தை வைத்துப் பிரித்தவை. மணிக்கு 31 கி.மீ. தொட்டால் தாழ்வு மண்டலம், 50 தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 தொட்டால் புயல். மீனவருக்கும் துறைமுகத்துக்கும் அது உயிர் காக்கும் தகவல். எத்தனை சென்டிமீட்டர் மழை என்பதற்கு அதில் பதில் கிடையாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. அதைக் கொண்டுவந்தது புயல் இல்லை. குமரிக்கடல் பக்கம் இருந்த வெறும் வளிமண்டலச் சுழற்சி. 'புயல்தான் இல்லையே' என்று யாராவது நிம்மதிப்பட்டால் எனக்கு உடனே அந்த மழையில் வெள்ளம் சூழ்ந்த தாமிரபரணிக் கரைதான் நினைவுக்கு வரும்.

அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் இன்னொரு பாடம் நடத்தியது. புயல் கரையைக் கடந்தது 5ஆம் தேதி, ஆந்திரத்தின் பாபட்லா அருகே. சென்னை மூழ்கியதோ அதற்கு முன்பே, 3, 4 தேதிகளில். வரைபடத்தில் மையத்தைக் காட்டும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தால் இது புரியாது. மழை மேகம் மையத்திலிருந்து நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளியும் இருக்கலாம், மெதுவாக நகர்ந்தால் ஒரே ஊரிலேயே கொட்டித் தீர்க்கும். எதிர்மாறாகவும் நடக்கும். வட கோளத்தில் தாழ்வைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அதனால் மே மாதத்தில் ஒடிசா, வங்கம் பக்கம் ஒரு புயல் போனால் தமிழ்நாட்டுக்கு மேற்கிலிருந்து தரைக்காற்றுதான் வரும். கடற்காற்று நுழையத் தாமதமாகி வெயில் இன்னும் ஏறும். 'வங்கக் கடலில் புயல்' என்ற செய்தியைக் கேட்டுக்கொண்டே விசிறியைத் தேட வேண்டியதுதான்.

சரி, சில செல்போன்களில் இருக்கும் பாரோமீட்டருக்கு, அதாவது காற்றழுத்தம் அளக்கும் சென்சாருக்கு வருவோம். உயரம் கூடினால் அழுத்தம் குறையும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லிஃப்டில் பத்தாவது மாடிக்குப் போனாலே 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்குக் குறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போனால் சுமார் 200 இறங்கும். 1999 ஒடிசா சூப்பர் புயலின் மையத்தில் மதிப்பிடப்பட்ட அழுத்தம் 912. பெங்களூரில் சாதாரண நாளில் போன் காட்டுவதும் கிட்டத்தட்ட அதே எண்தான்! வானிலை வரைபடத்தில் வருவது கடல் மட்டத்துக்குத் திருத்திய மதிப்பு. போன் சென்சார் காட்டும் நேரடி எண்ணை அதோடு ஒப்பிடக் கூடாது. மில்லிபாரா ஹெக்டோபாஸ்கலா என்று குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றே.

இன்னொன்று, நேரம். நம் அட்சரேகையில் அழுத்தம் தினமும் தானாகவே ஏறி இறங்கும். காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் பள்ளம். இடையில் 3, 4 ஹெக்டோபாஸ்கல் போய்விடும். வானம் பளிச்சென்று இருக்கும் நாளிலும் அப்படித்தான். இது தெரியாமல் மாலையில் போனைப் பார்த்து 'அழுத்தம் சரிகிறது' என்று வாட்ஸ்அப்பில் பீதியைக் கிளப்புபவர்கள் உண்டு. இன்று மாலை 4 மணி எண்ணை நேற்று மாலை 4 மணி எண்ணோடு வைத்துப் பாருங்கள், அதுவும் அதே மாடியில் நின்று. வானிலை மையங்களும் 24 மணி நேர மாற்றத்துக்கென்றே தனி வரைபடம் போடுகின்றன.