1849 டென்மார்க்கை ஒரு காலண்டர் தாளில் ஏற்றும் முறை

தக்கலையில் என் வீட்டுக்குச் சாயங்காலம் வரலாறு படிக்க வரும் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது இதுதான்: "மக்களே, டச்சுக்காரன் வேற, டேனிஷ்காரன் வேற." குளச்சலில் 1741-ல் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றவர்கள் டச்சுக்காரர்கள். தரங்கம்பாடியில் கோட்டை கட்டி, 1845-ல் அதையும் வங்காளத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனவர்கள் டேனிஷ்காரர்கள், அதாவது டென்மார்க்காரர்கள். இதைத் தாளின் தலையிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி வழியில் குளச்சல் வெற்றித்தூண் உள்ளே வந்துவிடும்.

ஜவுளிக்கடை காலண்டரின் பழைய தாள் போதும். பின்பக்கம் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். இடது ஓரத்தை மட்டும் தாராளமாக விடுங்கள், அது 1848-க்கு. அந்த ஜனவரியில் அரசர் எட்டாம் கிறிஸ்டியான் இறந்தார். மார்ச் 21-ல் கோபன்ஹேகன் மக்கள் அரண்மனைக்கு ஊர்வலம் போனார்கள். 1660 முதல் நடந்துவந்த முழு முடியாட்சியைப் புது அரசர் ஏழாம் ஃபிரடெரிக் விட்டுக்கொடுத்தார். அதே வாரம், டேனிஷ் அரசரின் கீழ் இருந்த ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதி ஜெர்மன்காரர்கள் கிளர்ந்தார்கள், போர் மூண்டது. ஆகஸ்டில் போர்நிறுத்தம், அக்டோபரில் அரசியலமைப்பு எழுதச் சபை. இந்த ஓரம் இல்லாமல் 1849 ஒன்றும் விளங்காது.

இனி இரண்டு பேனா. போருக்குச் சிவப்பு, சட்டத்துக்கு நீலம். ஒரு கையில் துப்பாக்கியோடு மறு கையில் சட்டம் எழுதிய ஆண்டு இது. நிறம் பிரித்தால்தான் அது கண்ணில் படும்.

பிப்ரவரி இறுதியில் சிவப்பு: போர்நிறுத்தம் முடிகிறது என்று டென்மார்க் அறிவித்தது. ஏப்ரல் 5-க்கு மட்டும் கட்டத்தைப் பெரிதாக்குங்கள். அன்று பெரிய வியாழன். 84 பீரங்கிகள் கொண்ட 'கிறிஸ்டியான் 8', 'கெஃபியோன்' என்ற இரண்டு டேனிஷ் போர்க்கப்பல்கள் ஷ்லெஸ்விக் கரையின் எக்கெர்ன்ஃபோர்டெ வளைகுடாவுக்குள் நுழைந்தன. 84 பீரங்கி முதல் கப்பலுக்கு. கரையில் ஜெர்மன் தரப்புக்கு இருந்தது சில பீரங்கிகளே. ஆனால் காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து வீசியது. பாய்மரக் கப்பல் எப்படி வெளியே வரும்? கடலோர முட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரிய கப்பல் தரைதட்டி, தீப்பிடித்து, சாயங்காலம் வெடித்தது, மற்றது சரணடைந்தது. கப்பலுக்கும் இறந்த அரசருக்கும் ஒரே பெயர், கவனம். "அரசர் கிறிஸ்டியான் வெடித்தார்" என்று எழுதின பிள்ளை உண்டு.

நீலம்: மே 25-ல் சபை அரசியலமைப்பை நிறைவேற்றியது, ஜூன் 5-ல் அரசர் கையெழுத்திட்டார். தேதியை மனப்பாடம் பண்ண வேண்டாம். நம் பள்ளிகளில் மரக்கன்று நடும் நாள்தான். நாடாளுமன்றத்துக்கு இரண்டு அவை, மத சுதந்திரம், பத்திரிகைத் தணிக்கைக்கு முடிவு. கீழேயே யாருக்கு ஓட்டு இல்லை என்றும் எழுதுங்கள்: பெண்களுக்கு, முப்பது வயது ஆகாதவர்களுக்கு, பிறர் வீட்டில் தங்கி வேலை செய்வோருக்கு. பெண்களுக்கு அது கிடைக்க 1915 ஆனது. இந்த வரியை விட்டுவிட்டு "மக்களாட்சி மலர்ந்தது" என்று முடித்தால் நான் மதிப்பெண் போடமாட்டேன்.

கையெழுத்தாகி ஒரு மாதத்தில், ஜூலை 6, மறுபடி சிவப்பு. முற்றுகையில் இருந்த ஃபிரடெரிசியா கோட்டையிலிருந்து டேனிஷ் படை இரவோடு இரவாகப் பாய்ந்து வென்றது. டேனிஷ் தளபதி ரூயெ அங்கே மாண்டார். ஜூலை 10-ல் அடுத்த போர்நிறுத்தம்.

நம் ஊரைச் சேர்க்க ஆசைப்பட்டால் பென்சிலால் ஓரமாக எழுதுங்கள். அப்போது இங்கே திருவிதாங்கூர், உத்திரம் திருநாள் ஆட்சி. கரீபியன் கடலில் டென்மார்க் வசம் இருந்த மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் திரண்டெழுந்து விடுதலை பெற்றது 1848 ஜூலையில். திருவிதாங்கூரில் அடிமை ஒழிப்பு 1855-ல். நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்த தோள்சீலைப் பிரகடனம் 1859-ல். பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஒன்றிலிருந்து மற்றது வந்ததாக அம்புக்குறி போடக்கூடாது.

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை கட்டம் காலியாகக் கிடந்தால் கிடக்கட்டும். டிசம்பர் 4-ல் நீலம்: முதல் தேர்தல். புதிய நாடாளுமன்றம் கூடியது 1850 ஜனவரி 30. அதை வலது ஓரத்தில், கோட்டுக்கு வெளியே எழுதுங்கள். போர் முடிந்தது 1851-ல். அதற்கு வேறு தாள் எடுக்க வேண்டும்.