பழைய டிராக்டரில் ஸ்டீயரிங் ஆடுகிறதா? பெட்டித் திருகைத் தொடுவதற்கு முன்

சிங்கப்பூரின் லிம் சூ காங், கிராஞ்சி பக்கத் தோட்டங்களில் பழைய டிராக்டர் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள், ஸ்டீயரிங் ஆடத் தொடங்கியதும் நேராக ஸ்டீயரிங் பெட்டிக்குத்தான் (ஸ்டீயரிங் சுற்றலைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கியர் பெட்டி) போகிறார்கள். பக்க மூடியில் ஒரு திருகு, அதன் மேல், அது சுழலாமல் பிடிக்க ஒரு லாக் நட். அரைச் சுற்று இறுக்கினால் ஆட்டம் குறைந்த மாதிரி இருக்கும். இருக்கும் தவறுகளிலேயே செலவு வைக்கும் தவறு இதுதான். அந்தத் திருகைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

முதலில் முன் டயரில் காற்று பாருங்கள். காற்றுக் குறைந்த டயரும் வண்டியை அலைய வைக்கும். அடுத்து, ஆட்டம் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக லேசாக ஆட்ட, மற்றவர் ராடுகளின் நுனியில் இருக்கும் ஒவ்வொரு பால் ஜாயின்டிலும் (பந்து மூட்டு) விரலை வைத்துப் பார்க்க வேண்டும். ராட் நகர்ந்தும் அடுத்த பாகம் நகராமல் நிற்கும் இடத்தில் விரலுக்கே தெரியும். பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், டிராப் ஆர்ம் (பெட்டியின் தண்டிலிருந்து ராடை நகர்த்தும் கை) உட்காரும் பல்வரி, முன் அச்சின் நடு பின் என எதையும் விட்டுவிடக் கூடாது. பிறகு முன்பக்கத்தை ஜாக்கில் ஏற்றி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் அல்லது கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் தண்டு) புஷ். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் பெரும்பாலும் பால் ஜாயின்ட்.

பால் ஜாயின்ட்டைக் கழற்ற, மரை இருக்கும் நுனியில் சுத்தியலால் அடிப்பவர்கள் உண்டு. நுனி பூப்போல விரிந்துவிடும், நட் ஏறாது. நட்டை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி விட்டு, ஆர்மின் கண்ணில் ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கம் அடித்தால் தானாக விடுபடும். டிராப் ஆர்ம் வரவில்லை என்று கேஸ் வைத்துச் சூடாக்குவது அதைவிட மோசம், இரும்பின் வலுவே போய்விடும். அதற்குப் புல்லர் என்ற இழுப்புக் கருவி இருக்கிறது. கழற்றும் முன் ஆர்மிலும் தண்டிலும் ஒரே கோட்டில் குறி போட மறக்காதீர்கள். இந்த வண்டிகளின் மரை பெரும்பாலும் அங்குல அளவு. கையில் கிடைத்த மெட்ரிக் நட்டை வலிந்து ஏற்றினால் மரை போகும். நட் கழலாமல் தடுக்கும் பழைய காட்டர் பின்னையும் திரும்பப் போடக் கூடாது.

இவை எல்லாம் சரியாகியும் ஆட்டம் இருந்தால் பெட்டிக்கு வரலாம். பந்து உருளும் வகைப் பெட்டிகளில் பற்கள் நடுவில்தான் இறுக்கமாகப் பொருந்தும்படி செய்யப்பட்டிருக்கும், ஓரங்களில் கொஞ்சம் தளர்வு இயல்பு. சக்கரத்தை ஓரத்துக்குத் திருப்பி வைத்து இறுக்கினால், நேராக வரும்போது பெட்டி இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ராடுகளைக் கழற்றி, ஸ்டீயரிங்கை நடுவில் வைத்து, எட்டில் ஒரு சுற்றாக இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஓரத்திலிருந்து ஓரம் வரை சுற்றிப் பாருங்கள். லாக் நட்டை இறுக்கும்போது திருகைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அதுவும் சேர்ந்து சுற்றும். நடு அதிகமாகத் தேய்ந்த பெட்டியில், நடுவைச் சரிசெய்தால் ஓரங்களில் பிடிக்கும். அப்போது பாகம் மாற்றுவதைத் தவிர வழியில்லை. 1946 முதல் 1956 வரை வந்த ஃபெர்குசன் டி.இ.20இல் பெட்டிக்குள் பெவல் கியர் (சாய்வான பல்சக்கரம்). அங்கே இந்த முறை பொருந்தாது, கையேட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

இறுக்கும் முன் எண்ணெயையும் பாருங்கள். ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் ஊரில், வெளியில் நிற்கும் வண்டியின் ஸ்டீயரிங் மூடி தொலைந்திருந்தால் தண்டு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால் உள்ளே துரு பிடித்திருக்கும். எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. சீல் ஒழுகுகிறது என்று பெட்டியில் கிரீஸை அடைப்பதும் வீண். பந்துகள் ஒதுக்கிவிட்ட கிரீஸ் திரும்பி வராது, அவை உலர்ந்து ஓடும். சீலை மாற்றி, கையேடு சொல்லும் கியர் ஆயிலை ஊற்றுங்கள்.

மாஸி ஃபெர்குசன் 35, 135 போன்றவற்றில் இரு சக்கரங்களுக்கும் தனித்தனி ராடு. டோ-இன் (முன் சக்கரங்களின் முன்புறம் லேசாக உள்நோக்கி இருக்கும் அளவு) சரிசெய்ய ஒரு பக்கத்தை மட்டும் சுருக்கினால் சக்கரம் நேராக நிற்கும்போது பெட்டி நடுவில் இருக்காது. இரு பக்கமும் சம அளவு திருப்பி, சக்கரங்களின் முன்புறமும் பின்புறமும் அச்சு உயரத்தில் அளந்து பாருங்கள். கடைசியில் ஸ்டீயரிங் விளிம்பில் 25 மி.மீ. அளவுக்கு ஆட்டம் மிஞ்சினால், இந்த வயதுடைய வண்டிக்கு அதை விட்டுவிடலாம்.