நீரில் பாலிமர் நானோ துகள்: வடிவத்தைத் தீர்மானிப்பது மோனோமர்

மோனோமர் எனும் சிறு அலகுகளைக் கோத்து நீருக்குள்ளேயே பாலிமர் சங்கிலியை வளர்த்து, வளர வளர அது தானாகவே துகளாகத் திரளும்படி செய்வதுதான் ‘பிசா’ முறை. இதில் முதலில் பார்க்க வேண்டியது மோனோமரின் கரைதிறன். ஹைட்ராக்சிபுரோப்பைல் மெத்தாக்ரிலேட், சுருக்கமாக ஹெச்பிஎம்ஏ, 20 டிகிரி நீரில் சுமார் 13% வரை கரையும். ஆனால் அதன் பாலிமர் கரையாது. கோளம், நீண்ட புழு, உள்ளீடற்ற பை என மூன்று துகள் வடிவங்களும் இதில் எளிதாகக் கிடைப்பது அதனால்தான். பென்சைல் மெத்தாக்ரிலேட் நீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. கோளங்களின் உள்கரு நீரேறாமல் இறுகிவிடுவதால் அவை ஒன்றோடொன்று இணைவதில்லை. சங்கிலியை எவ்வளவு நீட்டினாலும் பெரும்பாலும் கோளமாகவே நின்றுவிடும். நடுத்தரமாக, 70 டிகிரியில் லிட்டருக்கு 20 கிராம் கரையும் ஹைட்ராக்சிபியூட்டைல் மெத்தாக்ரிலேட்டை பாலிமெத்தாக்ரிலிக் அமிலத்தோடு சேர்த்துச் செய்தபோது நிலக்கடலை வடிவத் துகள்கள் கிடைத்திருக்கின்றன!

புழு வேண்டுமென்றால் இந்த அளவில் தொடங்குங்கள். ராஃப்ட் முறையில் (சங்கிலி நீளத்தைக் கட்டுப்படுத்தி வளர்க்கும் முறை) செய்த, நீரில் கரையும் 54 அலகுள்ள பாலிகிளிசரால் மோனோமெத்தாக்ரிலேட் சங்கிலி 1.00 கிராம், ஹெச்பிஎம்ஏ 2.26 கிராம் (சங்கிலிக்கு 140 அலகு), துவக்கி ஏசிவிஏ 7.8 மில்லிகிராம், நீர் 29.4 கிராம். திடப்பொருள் 10% வரும். ஐஸில் வைத்து 30 நிமிடம் நைட்ரஜன் ஊதி, 70 டிகிரி எண்ணெய்க் குளியலில் 2 மணி நேரம் கலக்குங்கள். தெளிந்த இளஞ்சிவப்புக் கரைசல் மெல்லப் பால்போல் மாறும். மைசெல் (சங்கிலிகள் திரண்ட நுண்துகள்) உருவானதும் மீதி மோனோமர் அதற்குள் புகுந்துகொள்வதால் வினை திடீரென வேகமெடுக்கும். புழுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் கலவை ஜெல்லாகும். ஆறவைத்துக் குப்பியைக் கவிழ்த்தால் ஜெல் கீழே விழக் கூடாது.

விழுந்தால் முதலில் பிஹெச் பாருங்கள். சங்கிலி முனையில் கார்பாக்சிலிக் அமிலம் இருந்தால், பிஹெச் 6-க்கு ஏற்றியதும் அது மின்னூட்டம் பெற்றுப் புழுக்கள் கோளங்களாக உடையலாம். ஒற்றை முனைக் குழுவுக்கு அவ்வளவு பலம்! நடுநிலை பஃபரில் வேலை என்றால் மின்னூட்டம் ஏறாத முனையைத் தேர்ந்தெடுங்கள். 5 டிகிரிக்குக் கீழே ஜெல் இளகுவது கோளாறல்ல. அறை வெப்பத்தில் மீண்டும் இறுகும். ஆனால் குளிர்ந்த நிலையில் 1 சதவீதத்துக்கும் கீழே நீர்த்துவிட்டால் புழுக்கள் திரும்பி வருவது கடினம். மூலக்கூறு எடையை அளக்கும் ஜிபிசி வரைபடத்தில் அதிக மூலக்கூறு எடைப் பக்கம் ஒரு தோள் (முகட்டின் ஓரப் புடைப்பு) தெரிந்தால், மோனோமர் புட்டியில் சங்கிலிகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும் டைமெத்தாக்ரிலேட் மாசு இருக்கிறதா என்று பாருங்கள்.

4-ஹைட்ராக்சிபியூட்டைல் அக்ரிலேட்டுக்கும் ஹெச்பிஎம்ஏ போலவே சி7ஹெச்12ஓ3 தான் வாய்பாடு. ஆனால் சங்கிலியின் முதுகெலும்பில் மெத்தில் குழு இல்லை. ஓஹெச் நீண்ட வாலின் நுனியில் இருக்கிறது. கரு மென்மையாகி நீரை அதிகம் ஏற்கும், வெப்பநிலை மாறினால் துகளின் வடிவமும் இன்னும் எளிதில் மாறும். தொல்லை மின்நுண்ணோக்கியில்தான்: மாதிரி உலரும்போது துகள்கள் பரவிப் படலமாகிவிடும். அதனால் குளூட்டரால்டிஹைடால் சங்கிலிகளைக் குறுக்குப்பிணைப்பு செய்த பிறகே கிரிட்டில் (மாதிரி வைக்கும் சிறு வலை) வையுங்கள். டிஎல்எஸ் (ஒளிச்சிதறலால் துகளின் அளவு காணும் முறை) தரும் அளவை மட்டும் நம்பி ‘புழு’ என்று எழுதிவிடாதீர்கள். அது எதையும் கோளமாகப் பாவித்துத்தான் விட்டம் சொல்லும்.