கட்டற்ற மென்பொருளுக்கு இடம் பிடிப்பது எப்படி?

பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சின்னக் கருவி ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். முந்நூறு வரி பைத்தான், அவ்வளவுதான். முதலில் அதை வைத்திருந்த தளம் ஒருநாள் கடையைச் சாத்திவிட்டது. கோடு (கருவியின் நிரல்) என் லேப்டாப்பில் முழு வரலாற்றோடு பத்திரமாக இருந்தது. இஷ்யூக்கள்தான், அதாவது பயனர்கள் அங்கே பதிந்த புகார்கள்தான், போய்விட்டன. யார் எந்தக் கோப்பில் என்ன பிழை கண்டார்கள், எதை ஏன் சரிசெய்யாமல் விட்டேன் என்பதெல்லாம் அந்தத் தளத்தின் டேட்டாபேஸோடு போயிற்று.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். இடம் தேடும்போது, பக் (பிழை) பற்றிய புகார் எங்கே வந்து சேரும் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ஓரளவு தெரிந்தவர்கள் கீழே உள்ளதை அரை நாளில் முடித்துவிடலாம்.

படி 1: புகார் சொல்லப் போவது யார்?

கணக்குத் திறக்கும் முன் இதை ஒரு தாளில் எழுதுங்கள். உங்களுடையது புரோகிராமர்களுக்கான லைப்ரரி என்றால் அவர்களிடம் பெரும்பாலும் கிட்ஹப் என்ற கோடு வைக்கும் தளத்தில் கணக்கு இருக்கும். என் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் டிடிபி வேலை செய்பவர்கள். இஷ்யூ போடுவதற்காகக் கணக்குத் திறக்கச் சொன்னால், "பரவாயில்லை தம்பி, நாங்களே திருத்திக்கிறோம்" என்று போய்விடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்தது மின்னஞ்சல்.

படி 2: கோடும் இஷ்யூவும் ஒன்றல்ல

கிட் ரெப்போவை (கோடும் அதன் வரலாறும் உள்ள கிடங்கை) குளோன் செய்த, அதாவது தன் கணினிக்குப் பிரதி எடுத்த, ஒவ்வொருவரிடமும் கோடின் முழுப் பிரதி இருக்கும். இஷ்யூ அப்படி இல்லை, தளத்துக்காரரிடம் மட்டும்தான். கூகுள் கோட் என்ற தளம் 2015இல் மூடப்போவதாக அறிவித்து, 2016 ஜனவரியில் மூடியபோது பலர் அவசரமாக மூட்டை கட்டியது இதனால்தான். பைத்தானையே பாருங்கள். அதன் கோடு 2017இல் கிட்ஹப்புக்குப் போய்விட்டது. இஷ்யூக்கள் போய்ச் சேர்ந்தது 2022 ஏப்ரலில். நடுவில் ஐந்து வருடம் கோடு ஓரிடம், புகார்ப் பெட்டி வேறிடம். பெரிய ப்ராஜெக்டுக்கே இந்தப் பாடு.

படி 3: தளத்தைத் தேர்ந்தெடுங்கள்

கிட்ஹப்: 2008இலிருந்து இருக்கிறது, 2018இலிருந்து மைக்ரோசாஃப்ட் கையில். கூட்டம் இங்கேதான். வெளியிலிருந்து ஆட்கள் வந்து பேட்ச் (திருத்தம்) அனுப்ப வேண்டும் என்றால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. தளம் கட்டற்ற மென்பொருள் (யாரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடியது) இல்லை என்பது சிலருக்கு உறுத்தும்.

கிட்லேப்: இதன் கம்யூனிட்டி பதிப்பை உங்கள் சர்வரிலேயே நிறுவலாம். லினக்ஸ் டெஸ்க்டாப் ப்ராஜெக்டுகளான க்னோம் 2018இலும் கேடிஈ 2020இலும் அப்படித்தான் இதற்கு மாறின. எனக்குப் பிடித்தது சர்வீஸ் டெஸ்க். ப்ராஜெக்டுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைக்கும், அதற்கு வரும் கடிதம் தானே இஷ்யூ ஆகிவிடும். ஆனால் அப்படி வருபவை முதலில் ரகசியமாகவே இருக்கும். மற்றவர்களும் பார்க்க வேண்டும் என்றால் நீங்கள்தான் திறந்துவிட வேண்டும்.

கோட்பெர்க்: பெர்லினில் பதிவான லாபநோக்கமற்ற சங்கம் நடத்துவது, ஃபோர்ஜேஜோ என்ற கட்டற்ற மென்பொருளில் ஓடுவது. கட்டற்ற உரிமம் உள்ள ப்ராஜெக்டுகளுக்கான இடம். உரிமக் கோப்பே இல்லாமல் போய் நிற்காதீர்கள். (எங்கே போனாலும் அது வேண்டும். உரிமம் இல்லாத கோடைப் பிறர் படிக்கலாம், எடுத்துப் பயன்படுத்த முடியாது.)

சொந்த சர்வர்? முதல் ப்ராஜெக்டுக்கு வேண்டாம். பக் சரிசெய்ய உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை, பேக்கப் பார்ப்பதிலேயே போய்விடும்.

நான் எடுத்தது கிட்லேப், அந்த மின்னஞ்சலுக்காக. மற்ற இரண்டிலும் அதே பெயரில் துண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

படி 4: இஷ்யூ படிவம் எழுதுங்கள்

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். படிவம் இல்லாவிட்டால் இப்படித்தான் வரும்: "வேலை செய்யவில்லை, உடனே பார்க்கவும்." இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் படிவத்தில் நாலே கேள்விகள். ஒருவர் நிரப்பி அனுப்பியது:

கொடுத்தது: பாமினியில் தட்டிய "கொடு"
எதிர்பார்த்தது: கொடு
வந்தது: ெகாடு
பதிப்பு: 0.3, விண்டோஸ் 10

படித்ததுமே கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. பாமினியில் கொம்பை முதலில் தட்டுவோம், அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் க முன்னால் வர வேண்டும், குறி அதன் பின்னால். என் கோடு எழுத்துகளை மாற்றியது, வரிசையை மாற்ற மறந்துவிட்டது. பத்து நிமிட வேலை.

கிட்ஹப்பிலும் கிட்லேப்பிலும் இந்தப் படிவத்தை ரெப்போவுக்குள்ளேயே ஒரு கோப்பாக வைக்கலாம். லேபிள்களைப் பொறுத்தவரை பக், வேண்டுகோள், புதியவர்களுக்கு ஏற்றது என்ற மூன்று போதும். இருபது லேபிள் வைத்தால் ஒட்டுவதற்கே தனி ஆள் வேண்டும். பாதுகாப்புக் கோளாறுகளை மட்டும் பொது இஷ்யூவாகப் போட வேண்டாம் என்று ரீட்மீயில் எழுதி, தனி முகவரி கொடுத்துவிடுங்கள்.

படி 5: கமிட்டில் எண்ணைச் சேருங்கள்

மேலே சொன்ன இஷ்யூவின் எண் 12 என்று வையுங்கள். கமிட் செய்தியில் (கிட்டில் ஒரு மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பில்) ஃபிக்ஸஸ் என்ற ஆங்கிலச் சொல்லையும் அடுத்து #12 என்றும் எழுதினால், அந்தக் கமிட் முதன்மைக் கிளையில் சேர்ந்ததும் இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். மேலே உள்ள மூன்று தளங்களிலும் இது உண்டு. அடுத்த வருடம் "இந்த வரியை ஏன் எழுதினேன்?" என்று நீங்களே முழிக்கும்போது, அந்த எண் நேராகக் காரணத்துக்குக் கூட்டிப் போகும்.

படி 6: இப்போதே ஒருமுறை வெளியேறிப் பாருங்கள்

நாலைந்து இஷ்யூ சேர்ந்ததும் இதைச் செய்துவிடுங்கள். கிட் குளோன் கட்டளையோடு மிரர் என்ற தெரிவைச் சேர்த்தால் எல்லாக் கிளைகளும் டேகுகளும் (பதிப்புக் குறிகளும்) இறங்கும். கிட்லேப்பில் ப்ராஜெக்ட் எக்ஸ்போர்ட் கொடுத்தால் இஷ்யூக்களும் சேர்ந்த ஒரே கோப்பு கிடைக்கும். கிட்ஹப்பில் இருப்பவர்கள் கோட்பெர்க்கின் மைக்ரேஷன் பக்கத்தில் ரெப்போ முகவரியையும் டோக்கனையும் (கிட்ஹப் தரும் அனுமதிச் சாவியையும்) கொடுத்தால் இஷ்யூ, லேபிள், மைல்ஸ்டோன் எல்லாம் அங்கே வரும்.

வந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். #12 அங்கேயும் #12ஆக இருக்கிறதா? எண் மாறியிருந்தால் உங்கள் கமிட் செய்திகள் வேறு இஷ்யூவைக் காட்டும். அப்புறம், ஸ்கிரீன்ஷாட் உள்ள ஓர் இஷ்யூவைத் திறந்து படத்தின் முகவரியைப் பாருங்கள். அது இன்னும் பழைய தளத்தையே காட்டினால், படங்களைத் தனியாக இறக்கி ரெப்போவில் ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.