ஃப்ளீட்வுட் மேக்: எந்த ஆல்பத்தை எப்போது கேட்பது?

ஃப்ளீட்வுட் மேக் என்ற இந்த ராக் குழு எனக்குத் தலைகீழாகத்தான் அறிமுகமானது. அண்ணனிடம் ஒரு கேசட் இருந்தது, 1988இல் வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற தொகுப்பு ஆல்பம். அதை ஒரு பாட்டு விடாமல் மனப்பாடம் செய்திருந்தேன். ஃப்ளீட்வுட் மேக் என்றால் அவ்வளவுதான் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டும் இருந்தேன். அப்புறம் 'ரூமர்ஸ்' கைக்கு வந்தது. அதிலிருக்கும் 'தி செயின்' அந்தக் கேசட்டில் இல்லவே இல்லை! கோபமே வந்தது.

அதனால் நீங்கள் 'ரூமர்ஸ்' ஆல்பத்திலிருந்தே தொடங்குங்கள். 1977இல் வந்தது, 11 பாட்டு, முக்கால் மணி நேரம்கூட ஆகாது. மறுபதிப்பு சிலவற்றில் நடுவே கூடுதல் பாட்டு ஒன்றைச் செருகியிருப்பார்கள். இப்போதைக்கு அதைத் தாண்டிவிடுங்கள். பாட்டு வரிசையைக் கலைக்கும் ஷஃபிள் கூடவே கூடாது. முதல் தடவை வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்டாலும் பரவாயில்லை. இரண்டாவது தடவை ஹெட்போன் வேண்டும்.

அதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. 1976இல் இதைப் பதிவு செய்தபோது குழுவின் காதல் ஜோடி, பாடகி ஸ்டீவி நிக்ஸும் கிடார் வாசிக்கும் லிண்ட்ஸி பக்கிங்ஹாமும், பிரிந்திருந்தார்கள். குழுவில் இருந்த ஜான் மெக்வீ, கிறிஸ்டின் மெக்வீ தம்பதியும் பிரிந்துவிட்டார்கள். ஆனாலும் எல்லோரும் ஒரே ஸ்டுடியோவில். தன்னைக் குறை சொல்லும் பாட்டுக்குத் தானே பின்குரல் பாட வேண்டிய நிலைமை. பக்கிங்ஹாம் நிக்ஸைப் பற்றி எழுதிய 'கோ யுவர் ஓன் வே' பாட்டின் கோரஸில் நிக்ஸின் குரலைத் தேடிப் பிடியுங்கள், புரியும்.

ஆறாவது பாட்டு 'சாங்பேர்ட்' முடிந்ததும் நிறுத்துங்கள். எல்பி இசைத்தட்டில் முதல் பக்கம் அங்கேதான் முடிகிறது. எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். கிறிஸ்டின் பியானோவோடு பாடும் அந்தப் பாட்டை மட்டும் பெர்க்லியில் ஒரு காலி அரங்கத்தில் போய்ப் பதிவு செய்தார்கள். ஸ்டுடியோ ஆல்பம்தான், ஆனால் குரலைச் சுற்றிக் கேட்கும் அந்த வெற்றிடம் நிஜமான அரங்கத்துடையது. ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு 'தி செயின்' போடுங்கள். வெவ்வேறு நேரத்தில் பதிவான துண்டுகளை, நாடாவை பிளேடால் வெட்டி ஒட்டிச் செய்த பாட்டு அது. மூன்று நிமிடம் தாண்டியதும் எல்லாம் அடங்கி, ஜான் மெக்வீயின் பேஸ் கிடார் மட்டும் தனியாக நடந்து வரும். ஒட்டிய இடம் அதுதான். இந்த ஆல்பத்தில் குழுவின் ஐந்து பேர் பெயரிலும் இருக்கிற ஒரே பாட்டும் இதுதான்.

சரி, தொகுப்பு ஆல்பம் எதற்கு? ஒரு பாட்டு எந்த ஆல்பத்திலிருந்து வந்தது என்று, அதன் சொந்த ஊரைத் தேடுவதற்கு. 'டஸ்க்' பாட்டைக் கேசட்டில் கேட்டபோது ஏதோ கிறுக்குத்தனம் என்று நினைத்தேன். 1979இல் வந்த அதே பெயர் கொண்ட 20 பாட்டு ஆல்பத்தில் கேட்டபோது அந்தக் கிறுக்குத்தனத்துக்கு உறவுக்காரப் பாட்டுகள் நிறைய இருந்தன. (அந்த ஆல்பத்தின் பழைய சிடி கிடைத்தால் ஜாக்கிரதை. ஒரே தட்டில் அடக்குவதற்காக 'சாரா' பாட்டைக் கத்தரித்திருப்பார்கள்.) 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' 1975 முதலான பாட்டுகளோடு சரி. பீட்டர் கிரீன் 1967இல் தொடங்கிய ப்ளூஸ் குழுவின் சுவடே அதில் இருக்காது.

மேடைக் கச்சேரியில் பதிவான லைவ் ஆல்பத்தைக் கடைசியாக எடுங்கள், ஸ்பீக்கரில் கொஞ்சம் சத்தமாக. அதையும் முழுசாகக் கேட்பதற்குமுன் ஒரே ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு அதன் ஸ்டுடியோ வடிவத்தோடு ஒப்பிடுவது என் வழக்கம். 'ரியானன்' 1975 ஸ்டுடியோ ஆல்பத்தில் நாலு நிமிடச் சொச்சம், அடக்கமான பாட்டு. 1980இல் வந்த 'லைவ்' ஆல்பத்தில் அதுவே ஏழு நிமிடத்தைத் தாண்டும். கடைசியில் நிக்ஸ் சாமி வந்தவர் மாதிரி கத்துவார். 'பிக் லவ்' இதற்கு நேர்மாறு. 1987 ஸ்டுடியோ வடிவத்தில் அடுக்கடுக்காக ஒலிகள். 1997இல் வந்த 'தி டான்ஸ்' லைவ் ஆல்பத்தில் பக்கிங்ஹாம் ஒற்றை கிடாரோடு எல்லாவற்றையும் விரல்களாலேயே முடித்துவிடுகிறார். எனக்கு ஸ்டுடியோ வடிவம் அதற்கப்புறம் ருசிக்கவில்லை.

கடைசிக்கு 'சில்வர் ஸ்பிரிங்ஸ்'. தாண்டச் சொன்னேனே, அந்தக் கூடுதல் பாட்டு. பக்கிங்ஹாமைப் பற்றி நிக்ஸ் எழுதியது. நீளம் அதிகம் என்று 'ரூமர்ஸ்' ஆல்பத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? நிக்ஸைப் பற்றி பக்கிங்ஹாம் எழுதிய 'கோ யுவர் ஓன் வே' இசைத்தட்டின் பின்பக்கம். முதலில் அந்த ஸ்டுடியோ வடிவம், உடனே 'தி டான்ஸ்' வடிவம். இருபது வருஷ இடைவெளி. நிக்ஸின் குரலில் சுருதி நன்றாக இறங்கியிருக்கும். கடைசி இரண்டு நிமிடம் வரும்போது சத்தத்தைக் குறைக்காதீர்கள். வீடியோவும் இருக்கிறது, ஆனால் காதால் கேட்ட பிறகு பாருங்கள். நிக்ஸ் மைக்கோடு பக்கிங்ஹாம் பக்கம் திரும்பி, முகத்துக்கு நேராகப் பாடுவார். பக்கிங்ஹாம் கிடாரை நிறுத்துவதில்லை.